கிணற்றடிக் கம்பம்

அன்று சாயங்காலம் எங்கள் ஊர் மொத்தமும் ரோட்டோரம் வந்து நின்றது.

ஊருக்குள் ஒரு விளக்குகூட எரியவில்லை. அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு வந்திருந்தார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்த சூசைமுத்துத் தாத்தாவையும் கட்டிலோடு தூக்கிவந்து புளியமரத்தடியில் இறக்கியிருந்தார்கள். மழை தூறி ஓய்ந்திருந்தது. எல்லார் சேலையிலும் நனைந்த சாம்பல் வாசனை.

எங்கள் முதுகுக்குப் பின்னால் ஊர் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் பின்னால் பாறைமேல் பாறை உட்கார்ந்த குன்று. தெற்கே செஞ்சிக் கோட்டை மலை மேகத்துக்குள் பாதி போய்விட்டது. நாய்கள்கூட எங்களோடு வந்து ரோட்டில் உட்கார்ந்துவிட்டன. எதுவும் குரைக்கவில்லை.

என் பக்கத்தில் ஆரோக்கியம் அத்தை நின்றிருந்தாள். என் நைனாவுக்கு அக்கா. அவள் கையில் ஓர் அரிக்கேன் விளக்கு இருந்தது. ஏற்றாத விளக்கு.

"வருவாரா அத்தே?" என்று கேட்டேன்.

"வர்றேன்னு சொல்லிக்கிறாரு. வருவாரு. நீ வாய மூடிக்கினு நில்லு."

நாங்கள் காத்துக்கொண்டிருந்தது கரண்டு ஆபீசு இஞ்சினியருக்காக. எங்கள் ஊரில் விளக்கு இல்லை என்பதை அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு இருட்டையும் ஏற்பாடு செய்திருந்தோம்.

அன்றைக்குக் கல்லறைத் திருநாள். செத்துப்போனவர்களுக்கு விளக்கு வைக்கிற நாள். அந்த வருஷம் யாரும் வைக்கவில்லை.

காய்ந்த குழாய்

போன வாரம், நைஜீரியாவில் நான் டீச்சராக வேலை பார்த்த ஊரைப் பற்றியும், பக்கத்து வீட்டு அடேசுவாவைப் பற்றியும் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் தெருமுனையில் தேர்தலுக்கு முன்னால் ஒரு கட்சிக்காரர்கள் தண்ணீர்க் குழாய் நட்டார்கள். தண்ணீர் வரவில்லை. அடுத்த தேர்தலுக்கு இன்னொரு கட்சிக்காரர்கள் வந்து, அதே குழாய்க்குத் தங்கள் கட்சி நிறத்தில் பெயிண்ட் அடித்தார்கள். முதல் கட்சிக்காரர்கள் அதைச் சுரண்டிவிட்டுத் தங்கள் நிறத்தை அடித்தார்கள். பெயிண்ட் சண்டையில் மண்டைகள் உடைந்தன. குழாய் மட்டும் ஒரு சொட்டு விடவில்லை.

அடேசுவா தினமும் காலையில் ஒரு வாளியைக் கொண்டுபோய் அந்தக் குழாயடியில் வைப்பாள். சாயங்காலம் காலி வாளியை எடுத்துவருவாள். எதற்கு இந்த வேலை என்று கேட்டேன்.

"வாளியை எடுத்துவிட்டால், இந்தத் தெருவுக்குத் தண்ணீர் வேண்டாமாம் என்று சொல்லிக் குழாயையும் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள்" என்றாள்.

இதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, 'விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்களே' என்று கேட்டு எழுதியிருக்கிறார். இல்லை தாயே, சிரிக்கவில்லை. "ஓட்டுக்கு முந்தின நாள் வரை நான் அவர்களுக்கு அம்மா. மறுநாள் நான் யார் என்றே தெரியாது. ஒருத்தனை மாற்றி இன்னொருத்தனுக்குப் போட்டால், அவன் முதலில் வந்தவனுக்குத் தம்பியாக இருக்கிறான்" என்று அடேசுவா வாசலில் உட்கார்ந்து பொரிந்து தள்ளும்போதெல்லாம், அவள் செஞ்சிக் கடைவீதியில் நின்று பேசுவதுபோலத்தான் எனக்கு இருக்கும்.

அவளுக்கு நான் பதிலுக்குச் சொன்ன கதைதான் இது. அறுபதுகளில் நடந்தது. எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். எனக்கு வருஷங்கள் மறந்துவிட்டன. அந்த மழையின் வாசனை மட்டும் மறக்கவில்லை.

மந்திரித்த கம்பங்கள்

எங்கள் ஊர் சூசைமேடு. செஞ்சியில் அவலூர்பேட்டை பஸ் ஏறி, டிக்கெட்டை மடித்து வைப்பதற்குள் இறங்க வேண்டியிருக்கும். ரோட்டிலிருந்து உள்ளே ஒரு மண்பாதை. முதலில் கிணறு, அப்புறம் வீடுகள், அப்புறம் மாதா கோயில், கடைசியில் மேட்டுச் சரிவில் கல்லறைகள். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லைகள்தான்.

ஒரு தேர்தலுக்கு முன்னால் லாரியில் இரும்புக் கம்பங்கள் வந்து இறங்கின. அப்போது ஆட்சியில் இருந்த கட்சியின் வட்டாரப் பெரிய மனிதர் ஒருவர் நேரில் நின்று நடவைத்தார். கிணற்றடியில் தொடங்கிக் கல்லறை வரைக்கும் ஒரே வரிசை. ஒவ்வொரு கம்பத்தின் தலையிலும் ஒரு கை நீட்டிக்கொண்டு, அதில் தட்டைக் கவிழ்த்ததுபோல ஒரு மூடி.

"ஓட்டு எண்ணி முடிக்கிறதுக்குள்ள எரியும்" என்றார் பெரிய மனிதர். ஊர் கைதட்டியது. நானும்தான் தட்டினேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். புது ஏர், புது மாடு, புது சைக்கிள் எது வந்தாலும் தீர்த்தம் தெளித்து மந்திரிக்காமல் புழங்க மாட்டார்கள். பங்குச் சாமியார் செஞ்சியிலிருந்து எப்போதாவதுதான் வருவார். அதனால் கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் சின்னப்பன்தான் இதற்கெல்லாம். வாயாடி மனிதர். அவர் சொம்பும் வேப்பிலையுமாகக் கம்பம் கம்பமாகப் போய்த் தெளித்தார். பெண்கள் பின்னாலேயே செபமாலை சொல்லிக்கொண்டு போனோம்.

ஓட்டு எண்ணினார்கள். பெரிய மனிதரின் கட்சி ஜெயித்தது. கம்பி வரவில்லை.

கம்பி இல்லாத கம்பங்கள் வருஷக்கணக்கில் நின்றன. அவை உள்ளே பொள்ளலான குழாய்கள். மேல்வாயை யாரும் மூடவில்லை. ஐப்பசி பிறந்து பாறைச் சந்திலிருந்து காற்று இறங்கினால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரலில் ஊதத் தொடங்கும். கல்லறைப் பக்கம் இருப்பவை கொஞ்சம் மெல்லிசாக. கிணற்றடியில் இருப்பது அடிவயிற்றிலிருந்து வருகிற முனகல் மாதிரி. பொழுது சாய்ந்தால் பிள்ளைகள் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். கம்பம் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது என்பார்கள்.

கம்பி எங்கே என்று பெரிய மனிதரிடம் போய்க் கேட்டால், "மேலேருந்து வரணும்" என்பார். எதிர்க்கட்சிக்காரர்களிடம் சொன்னால், "அவனுங்களுக்கு ஓட்டுப் போட்டீங்கல்ல, அனுபவிங்க. நாங்க வந்தா ஒரே வாரம்" என்பார்கள். மேலே என்றால் எங்கே என்று சின்னப்பன் கேட்டதற்கு, பெரிய மனிதர் விரலால் ஆகாயத்தைக் காட்டினாராம். "அங்கதான் நாங்க தினம் கேட்டுக்கினு இருக்கறோமே" என்று சொல்லிவிட்டு வந்தார் சின்னப்பன்.

செலின்

செலின், ஆரோக்கியம் அத்தையின் ஒரே மகள். என் வயசு. நான் டீச்சர் டிரெயினிங் முடித்து ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்த வருஷம், அவளுக்கு அனந்தபுரத்தில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்தால் முகத்தைக் கையால் மூடிக்கொள்வாள். பல் கொஞ்சம் தூக்கல் என்று அவளுக்கு ஒரு கவலை. எங்களுக்கெல்லாம் அது அழகாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. கயிறு எட்டாது. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகளில் கால் வைத்து உள்ளே இறங்கி, ஊற்றில் சுரந்திருப்பதைச் சொம்பால் மொண்டு வர வேண்டும். கொஞ்சந்தான் சுரக்கும். முதலில் போகிறவர்களுக்குத்தான் தண்ணீர். அதனால் பெண்கள் கோழி கூவுவதற்கு முன்னாலேயே, கும்மிருட்டில், காலால் தடவிக்கொண்டு இறங்குவோம்.

செலின் ஒருநாள் அப்படி இறங்கினாள். ஒரு படி கிடைக்கவில்லை.

விடிந்த பிறகுதான் பார்த்தோம். பித்தளைக் குடம் மேல்படியில் பத்திரமாக இருந்தது. நேற்றுத் தேய்த்த பளபளப்பு. கம்பம் அதற்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது, மூடியும் கையுமாக. அதில் ஒரு பல்பு எரிந்திருந்தால் என் செலின் இன்றைக்குப் பேரப்பிள்ளை எடுத்திருப்பாள்.

அதற்கப்புறம் ஆரோக்கியம் அத்தை உலகத்தில் ஒரே ஒரு பொருளைத்தான் கேட்டாள். கிணற்றடியில் ஒரு விளக்கு.

"ஊரெல்லாமா லைட்டு கேக்கறேன்? கோயிலாண்ட வேணாம், என் வூட்டாண்ட வேணாம். கெணத்தாண்ட ஒண்ணு. இன்னொரு பொண்ணு வுழறதுக்குள்ள ஒண்ணு போட்டுக் குடுங்க" என்று எந்தக் கட்சிக் கூட்டமாக இருந்தாலும் போய் நிற்பாள். பெரிய மனிதர் அவள் தோளைத் தொட்டு, "உன் மகள் என் மகள் மாதிரிம்மா" என்றார். பின்னால் நின்ற ஆள் அவள் கையில் ஒரு கட்சிக் கொடியைக் கொடுத்தான். எதிர்க்கட்சி மேடையில் அவள் கதையைக் கண்ணீரோடு சொன்னார்கள். கீழே உட்கார்ந்திருந்த அவளுக்கே புதுசாக இருக்கிற அளவுக்குச் சேர்த்துச் சொன்னார்கள். கூட்டம் முடிந்ததும் அவளைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

காற்று நாட்களில் அவள் கிணற்றடிக் கம்பத்தில் காதை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

"குழாயில காத்து ஊதுது அத்தே. வா போவலாம்."

"காத்துன்னு எனக்குத் தெரியாதா? பெரிசா வந்துட்டா டீச்சரு" என்பாள். காதை எடுக்க மாட்டாள்.

அரிக்கேன் வரிசை

அடுத்த ஐப்பசியில் கல்லறைத் திருநாள் வந்தது. கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, சாமந்தி வைத்து, பொழுது சாயும்போது மெழுகுவத்தி ஏற்றுவோம். செத்தவர்கள் அன்றைக்கு வீட்டு ஞாபகமாக வருவார்கள், வழி தெரிய வேண்டும் என்பார்கள். திடீரென்று செத்தவர்களுக்குக் கல்லறையில் ஒன்று, உயிர் போன இடத்தில் ஒன்று என்று இரண்டு விளக்கு.

அன்றைக்குத் தூறலும் காற்றுமாக இருந்தது. கிணற்றடியில் அத்தை ஏற்றிய மெழுகுவத்தி நிற்கவே மாட்டேன் என்றது. அவள் வீட்டுக்குப் போய் அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்தாள். தாம்புக்கயிற்றைக் கம்பத்தின் கைமேல் வீசி, விளக்கைக் கட்டி மேலே இழுத்துவிட்டாள்.

சின்னப்பன் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது.

"சரியாத்தான் செஞ்சிக்கிற ஆரோக்கியம். மந்திரிச்ச பொருளு இது. தீர்த்தம் வாங்கிக்கினு செத்துப் போச்சி. இதுக்கும் இன்னிக்கு வெளக்கு வெக்கணும், வெக்கலன்னா பாவம்" என்றார். அப்புறம் ஊரைப் பார்த்துத் திரும்பி, "இன்னா பாக்கறீங்க? மீதிக் கம்பமெல்லாம் அனாதையா? ஆளுக்கொரு வெளக்கு எடுத்தாங்க" என்றார்.

கேலிதான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ஆளாளுக்கு வீட்டுக்குப் போய் அரிக்கேனை எடுத்துவந்தார்கள். கம்பத்துக்கு ஒன்றாக ஏற்றினார்கள். சின்னப்பன் ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் நின்று இறந்தோர் செபம் சொன்னார். காற்று ஊதிக்கொண்டே இருந்தது. நாங்கள் 'ஆமென்' சொல்லும்போது கம்பங்களும் சேர்ந்து சொன்ன மாதிரி இருந்தது.

அப்போதுதான் ரோட்டில் கார்கள் வந்து நின்றன. அவலூர்பேட்டைக் கூட்டத்தை முடித்துவிட்டுப் பெரிய மனிதர் செஞ்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். காரை விட்டு இறங்கி, எங்கள் ஊர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தூறலில் மஞ்சளாக, நேர்க்கோட்டில், கம்பத்து உயரத்தில் விளக்கு வரிசை. அவர் பக்கத்தில் வரவில்லை. பாதை சேறு. ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் செஞ்சிக் கடைவீதிக் கூட்டத்தில் அவர் பேசினார். "சூசைமேட்டில் நாங்கள் கொடுத்த விளக்கு எரிகிறது. என் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன்!" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்றாம்.

எதிர்க்கட்சிக்காரர்கள் விடுவார்களா? அடுத்த வாரமே அதே இடத்தில் மேடை போட்டு, "சூசைமேட்டில் விளக்கு எரிகிறது என்றால் அது நாங்கள் போராடியதால்" என்றார்கள். விளக்கு யாருடையது என்று செஞ்சி முழுக்கச் சண்டை. விளக்கு இருக்கிறதா என்று கேட்க ஓர் ஆள் இல்லை.

கடைவீதியில் வேலாயுதம் கடையில் அரிக்கேனுக்குக் கிருஷ்ணாயில் வாங்கப் போனேன். நல்ல மனுஷர். பாட்டிலை வாங்கிக்கொண்டே, "உங்க ஊருக்குத்தான் லைட்டு வந்துடுச்சே டீச்சரம்மா, இன்னும் எதுக்குக் கிருஷ்ணாயிலு?" என்றார். இல்லை என்று சொன்னால் அவர் நம்பவில்லை. ரெண்டு கட்சியும் ஒரே விஷயத்தைச் சொல்வது அபூர்வம், அப்படிச் சொன்னால் அது நிஜமாகத்தான் இருக்கும் என்றார். பஸ் கண்டக்டர் பேச்சும் மாறிவிட்டது. எங்கள் நிறுத்தத்தில் விசில் அடித்து, "லைட்டு ஊரு எறங்கு" என்பார். இருட்டில் தட்டுத்தடுமாறி இறங்குவோம்.

செத்தவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்

அப்புறம் தேர்தல் வந்தது. ஆட்சி மாறியது. ஊரே விரல் மையைக் காட்டிக்கொண்டு திரிந்தது. இனி வந்துவிடும் என்று நானும் நம்பினேன். புதுக் கட்சிக்காரரிடம் அத்தை போனாள். அவர் உட்காரச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார். அதுவே பெரிய மாற்றம்தான். அப்புறம், "உங்க ஊரு வேலைதான் முடிஞ்சி போச்சேம்மா. இல்லாத ஊருக்கு மொதல்ல குடுக்கணும்ல?" என்றார்.

"இல்லன்னுதான்யா வந்துக்கிறேன்."

"அம்மா, நான்தான் மேடையிலயே சொன்னேனே. இப்ப நானே இல்லன்னா எப்பிடி?"

அத்தை அங்கிருந்து நேராகக் கரண்டு ஆபீசுக்குப் போனாள். அதற்கப்புறம் வாராவாரம் சந்தைநாளில் போய் அந்த ஆபீசு வாசலில் உட்கார்ந்தாள். இஞ்சினியர் வெளியூர்க்காரர், சின்ன வயசு, கோபப்படத் தெரியாதவர். கடைசியில் ஒருநாள், "சரிம்மா, அவலூர்பேட்டையிலேருந்து வர்ற வழியில சாயங்காலமா பார்க்கறேன். இருட்டா இருந்தா நான் எழுதறேன். இது என் வாக்கு" என்று ஒரு தேதி சொன்னார்.

அது கல்லறைத் திருநாள் என்று அவருக்குத் தெரியாது.

அத்தை வந்து சொன்னபோது கோயில் முன்னால் ஊர் கூடியது. விளக்கு வைத்தால் கம்பம் எரிகிறது என்பார். கம்பத்தில் வைக்காமல் கல்லறையில் மட்டும் வைத்தாலும் மேட்டுச் சரிவு ரோட்டுக்குத் தெரியும். வேறு நாள் கேட்கலாமே என்றார் நைனா. வேறு நாள் வருவாரா என்று யாருக்கும் நிச்சயம் இல்லை. செத்தவர்களை ஒரு வருஷம் இருட்டில் விடுவதா? எங்கள் ஊரில் யாரும் செய்யாத காரியம் அது.

அத்தைதான் சொன்னாள். "செத்தவங்க பொறுத்துக்குவாங்க. செலினுக்கு நான் சொல்லிக்கறேன். இருக்கறவங்களுக்கு லைட்டு வாங்கிடுவோம்."

சின்னப்பன் ஒரு படி மேலே போனார். வீட்டு விளக்கு, அடுப்பு எதுவும் தெரியக்கூடாது, ஒரு பொறிகூட இருக்கக்கூடாது, எல்லாரும் ரோட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றார். அப்படித்தான் நாங்கள் எங்கள் ஊரை நாங்களே அணைத்துவிட்டு வந்து நின்றோம்.

ஜீப் வந்தது

வாக்குத் தவறாமல் வந்தார். ஜீப்பின் விளக்கு தூரத்து வளைவில் தெரிந்தபோது அத்தை என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

இஞ்சினியர் இறங்கினார். இத்தனை பேரைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் கூச்சம். டிரைவர் ஜீப் விளக்கை அணைத்தான். சின்னப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "நல்லா பாருங்க சார். எங்கனா தெரியுதா?" என்றார். சொல்லும்போது அவர் ரோட்டைப் பார்த்து, ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் எல்லாருமே அப்படித்தான் நின்றோம். எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா?

இஞ்சினியர் எங்கள் தலைக்கு மேலாகப் பார்த்தார்.

"எரியுதே" என்றார்.

நாங்கள் திரும்பினோம்.

கிணற்றடிக் கம்பத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூடிக்குக் கீழே, பல்பு இருக்க வேண்டிய இடத்தில். மஞ்சள் வெளிச்சம். ஆடவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, காற்று எப்போதோ நின்றுவிட்டிருந்தது. ஒரு கம்பமும் ஊதவில்லை. கிணற்றின் வாயும், எதிர்ச்சுவரின் முதல் இரண்டு கல்படியும் ரோட்டிலிருந்தே தெரிந்தன.

சின்னப்பன் ஊரில் ஒவ்வொருவராக முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாரும் இருந்தோம். கட்டிலில் தாத்தா சிலுவை போட்டுக்கொண்டார். யாரோ ஒரு பெண் அழ ஆரம்பித்து, தானே நிறுத்திக்கொண்டாள்.

இஞ்சினியருக்கு இது எதுவும் புரியவில்லை. "கம்பியெல்லாம் இருட்டுல தெரியல. ஒண்ணு எரியுது, மத்ததுல பல்பு போயிருக்கும். பல்பு மாத்தறது எங்க வேலை இல்லீங்க, பஞ்சாயத்துல எழுதிக் குடுங்க" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். "கம்பியே இல்ல சார்" என்று நைனா சொன்னது அவர் காதில் விழவில்லை. ஜீப் செஞ்சிப் பக்கம் போய்விட்டது.

யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது?

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறுநாள் வெளிச்சத்தில் சின்னப்பன் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். மூடிக்குள் ஒரு பழைய குருவிக்கூடு இருந்தது. காய்ந்த வைக்கோல். கரி இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தவள். அது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கம்பியும் கரண்டும் நிஜமாக வந்தபோது நான் கடல் தாண்டி நைஜீரியாவில் இருந்தேன்.

அங்கே அடேசுவாவிடம் நான் இந்த இடத்தில்தான் கதையை நிறுத்தினேன். யார் ஏற்றியது என்று கேட்பாள் என்று நினைத்தேன். மடியில் காலி வாளியை வைத்துக்கொண்டு, "உன் அத்தை என்ன செய்தாள்?" என்று கேட்டாள்.

அத்தை என் கையை விட்டுவிட்டு, மண்பாதையில் இறங்கி நடந்தாள். நைனா, "அக்கா, போவாத" என்றார். அவள் நிற்கவில்லை. நான் பாதி வழி வரைக்கும் போனேன். அங்கேயே நின்றுவிட்டேன். அவள் நேராக வீட்டுக்குப் போய்ச் சொம்பையும் குடத்தையும் எடுத்துக்கொண்டு வந்தாள். செலினின் பித்தளைக் குடம். அது நடந்ததிலிருந்து யாரும் எடுத்துப் புழங்காத குடம். கிணற்றில் இறங்கினாள்.

சொம்பு கல்லில் படும் சத்தம் கேட்டது. தண்ணீர் குடத்தில் விழும் சத்தம் கேட்டது. அவள் ஏதோ பேசுகிற மாதிரியும் இருந்தது. என்ன பேச்சு என்று கேட்கவில்லை, மெதுவாக, வீட்டில் பேசுகிற மாதிரி.

அப்புறம் ஏறி, ரோட்டைப் பார்த்து நடந்து வந்தாள். இடுப்பில் குடம் தளும்பியது. இன்னொரு கையில் அந்த அரிக்கேன், ஏற்றாமலேதான் இருந்தது. என்னைத் தாண்டும்போது நின்றாள். செலின் போனதற்கப்புறம் அவள் முகத்தில் நான் அப்படியொரு அமைதியைப் பார்த்ததே இல்லை.

"படியெல்லாம் நல்லா தெரியுதுடி பிலோமி" என்றாள். "நீயும் போயி ஒரு கொடம் மொண்டுக்கினு வா."